பிறர் பங்கிலிருந்து இரக்கம் காட்டலாமா?





மண்ணரையில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஐந்து இளைஞர்களை நாம் அறிவோம். ஒருவர் கட்டிங், இருவர் ஓவர்லாக், ஒருவர் செக்கிங், மற்றொருவர் பேக்கிங். ஒரு தீபாவளி போனஸின்போது ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் போட்டு, ஐம்பதாயிரத்திற்குக் கூட்டாகக் கிரிப்டோ நாணயம் வாங்கினார்கள். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வரை யாரும் அதிலிருந்து எடுக்கக்கூடாது என்று தேநீர்க் கடையில் நின்றபடியே வாய்ப்பேச்சாக முடிவு செய்துகொண்டார்கள்.

சில மாதங்களில் விலை இறங்கியது. ஐம்பதாயிரம் முப்பத்தையாயிரம் ஆயிற்று. அந்த நேரத்தில்தான் ஐவரில் ஒருவருடைய தாயாருக்கு அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. "அவன் போட்ட பத்தாயிரத்தையும் முழுமையாகக் கொடுத்துவிடுவோம்" என்றனர் மூவர். ஐந்தாமவர் மறுத்தார். பத்தாயிரம் கொடுத்துவிட்டால் எஞ்சுவது இருபத்தையாயிரம். நால்வருக்கும் ஆளுக்கு 6,250 ரூபாய். அதாவது ஒவ்வொருவரும் தம் பங்கில் 750 ரூபாய் இழக்க வேண்டும். "எனக்கு 750 ரூபாய் பெரிதல்ல. பேசியது பேசியதுதான். இன்று இவனுக்காக மாற்றினால் நாளை வேறொருவனுக்காக மாற்றச் சொல்வீர்கள்" என்பது அவர் வாதம். "பெற்ற தாயின் உயிரைவிட உன் பேச்சு பெரிதா?" என்பது மற்றவர்களின் வாதம்.

சிகிச்சை வேறொருவரிடம் கடன் வாங்கி நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், தாயார் நலமாக இருக்கிறார். ஆனால் அந்த ஐவரும் இன்று ஒரே ஸஃப்பில் நின்று தொழுதும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்ற நபிமொழியை அறியாதவர்கள் அல்லர் அவர்கள். ஒவ்வொருவரும் தாம் சத்தியத்தின் பக்கம் நிற்பதாக உறுதியாக நம்புகிறார்கள். அந்த உறுதியே அவர்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

இந்தச் சச்சரவு மண்ணரைக்கு மட்டும் உரியதன்று. கிரிப்டோ உலகமே இதே கேள்வியால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இரண்டாகப் பிளந்திருக்கிறது. அந்த வரலாற்றில் நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது என்பதனாலேயே இதை எழுதுகிறோம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். கிரிப்டோ நாணயம் ஆகுமா ஆகாதா என்ற மார்க்கத் தீர்ப்பை வழங்க நாம் வரவில்லை. எகிப்தின் தாருல் இஃப்தா 2018இல் பிட்காயின் வணிகம் கூடாது என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021இல் அதனைப் பணமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. மலேசியப் பங்குச்சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழுவோ 2020இல் நிபந்தனைகளுடன் டிஜிட்டல் சொத்து வணிகத்தை அனுமதித்தது. இதில் இறங்க நினைப்பவர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது கடமை. நமது பேச்சு வேறொன்றைப் பற்றியது: பலர் கூடி ஏற்ற ஒரு விதியை யார், எப்படி, எவருடைய சம்மதத்துடன் மாற்றலாம் என்பது பற்றியது.

வங்கிக்கு ரிசர்வ் வங்கி இருக்கிறது. கிரிப்டோ நாணயங்களுக்கு அத்தகைய தலைமையகம் இல்லை. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற பேரேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்படுகிறது. எல்லாக் கணினிகளும் ஒரே விதியைப் பின்பற்றும் வரையில்தான் அது ஒரே பேரேடு. சிலர் புதிய விதிக்கு மாறி, சிலர் பழைய விதியிலேயே நின்றால், அந்த நொடியிலிருந்து பேரேடு இரண்டாகிவிடும். இதனை 'ஃபோர்க்' என்பார்கள். பாதை இரண்டாகக் கிளைப்பது என்று பொருள். ஆகவே அங்கே விதி மாற்றம் என்பது ஒரு சமுதாயம் ஒன்றாக இருப்பதா பிரிவதா என்ற கேள்வியாகவே எப்போதும் முடிகிறது.

2016ஆம் ஆண்டு ஈதீரியத்தில் நடந்ததைப் பாருங்கள். 'தி டாவ்' என்ற பெயரில் ஒரு கூட்டு முதலீட்டு நிதி தொடங்கப்பட்டது. அதற்கு மேலாளர் இல்லை. கணினி நிரலே ஒப்பந்தம் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் நாணயம் அதில் குவிந்தது. அந்த ஆண்டு ஜூன் 17 அன்று, நிரலில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி ஒருவர் சுமார் 36 லட்சம் ஈதரை உறிஞ்சி எடுத்தார். கணக்கைக் குறைக்குமுன் மீண்டும் மீண்டும் பணம் கேட்டால் மீண்டும் மீண்டும் கொடுத்துவிடும் பிழை அது. நிதியின் விதிப்படி அந்தப் பணத்தைச் சில வாரங்களுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அந்த இடைவெளிக்குள் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

ஒரு சாரார் கூறினர்: "இது அப்பட்டமான திருட்டு. நம்பிப் பணம் போட்டவர்கள் ஏமாந்து நிற்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து விதியை ஒருமுறை மாற்றிப் பணத்தை உரியவர்களிடம் சேர்த்துவிடலாம். கையில் தடுக்கும் வாய்ப்பு இருந்தும் தடுக்காமல் இருப்பது அநீதி."

மறு சாரார் கூறினர்: "எவராலும் திருத்த முடியாத பேரேடு என்று சொல்லித்தானே உலகை அழைத்தோம்? பெரிய மனிதர்கள் பணம் இழந்ததும் திருத்திவிட்டால், நாளை ஓர் அரசாங்கம் வந்து ஏழை ஒருவனின் கணக்கைத் திருத்தச் சொல்லும்போது எந்த வாயால் மறுப்பது?"

இரு சாராரும் பொய்யர்கள் அல்லர். ஒரு பக்கம் இரக்கமும் நீதியும். மறு பக்கம் வாக்குறுதியும் நீதியும். மண்ணரையின் ஐந்து இளைஞர்கள் பேசியதும் இதுதான்.

இறுதியில் நாணயம் வைத்திருப்போரிடையே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்த நாணயங்களில் சுமார் 87 சதவீதம் மாற்றத்தை ஆதரித்தது. ஆனால் வாக்கெடுப்பில் பங்கேற்றதோ மொத்த ஈதரில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு மட்டுமே. 2016 ஜூலை 20 அன்று விதி மாற்றப்பட்டது. பணம் உரியவர்கள் திரும்பப் பெறும்படி மாற்றி வைக்கப்பட்டது. மாற்றத்தை ஏற்காதவர்கள் பழைய பேரேட்டைக் கைவிடவில்லை. அது 'ஈதீரியம் கிளாசிக்' என்ற பெயரில் இன்றும் வாழ்கிறது. கொள்கைக்காக அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. அவர்கள் பக்கம் கணினிகள் குறைவாக இருந்ததால் 2019லும் 2020லும் அந்தப் பேரேடு தாக்குதலுக்கு உள்ளாயிற்று.

பிட்காயினில் நடந்த சண்டை வேறு வகை. அங்கே திருட்டு இல்லை, இடநெருக்கடி. ஏறத்தாழ பத்து நிமிடத்திற்கு ஒருமுறை எழுதப்படும் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு மெகாபைட் என்ற எல்லை 2010இல் வைக்கப்பட்டது. பயனாளர்கள் பெருகியதும் நெருக்கடி ஏற்பட்டது. "பக்கத்தைப் பெரிதாக்குங்கள், கட்டணம் குறையும், சாமானியனும் பயன்படுத்தலாம்" என்றனர் ஒரு பிரிவினர். "பெரிதாக்கினால் பேரேட்டைச் சுமக்கப் பெரிய கணினி வேண்டும். பிறகு சாமானியனால் கணக்கைச் சரிபார்க்க முடியாது, நிறுவனங்களை நம்பியே வாழ வேண்டும்" என்றனர் மறு பிரிவினர். சாமானியனின் பெயரைச் சொல்லியே இரு பிரிவும் போராடியது கவனிக்கத்தக்கது.

2015 முதல் 2017 வரை அந்தப் போராட்டம் நீடித்தது. நீண்ட நாள் உழைத்த மைக் ஹெர்ன் என்ற நிரலாளர், 2016 ஜனவரியில் இது தோற்றுவிட்ட முயற்சி என்று எழுதி, தம் நாணயங்களையும் விற்றுவிட்டு வெளியேறினார். 2017 மே மாதம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நியூயார்க்கில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. கணினி வலிமையின் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. எனினும், தத்தம் வீட்டில் பேரேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த எளிய பயனாளர்கள் பலர் அதனை ஏற்கவில்லை. பெரிய பக்கம் வேண்டியவர்கள் ஆகஸ்ட் 1 அன்று 'பிட்காயின் கேஷ்' என்று பிரிந்து போனார்கள். நியூயார்க் உடன்பாட்டின்படி பக்கத்தைப் பெரிதாக்கும் திட்டமும் போதிய ஒருமித்த கருத்து இல்லை என்று நவம்பர் 8 அன்று கைவிடப்பட்டது. பிரிந்து சென்ற பிட்காயின் கேஷும் 2018 நவம்பரில் மீண்டும் இரண்டாகப் பிளந்தது. பிரிவு ஒரு பழக்கமாகிவிட்டால் அது எங்கே நிற்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நடந்தவை என்று நினைக்க வேண்டாம். நமது சென்னை உயர் நீதிமன்றத்திற்கே இந்தக் கேள்வி வந்துவிட்டது. 2024 ஜூலையில் வாஸிர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. இழப்பை வாடிக்கையாளர்கள் அனைவரும் விகிதப்படி பகிர்ந்துகொள்ளும் திட்டம் முன்வைக்கப்பட்டது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் அதை ஏற்றனர்; சிங்கப்பூர் உயர் நீதிமன்றமும் 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது.

ஆனால் ஒரு முதலீட்டாளர் சென்னையில் வழக்குத் தொடுத்தார். திருடு போனது வேறு வகை நாணயம். தாம் வைத்திருந்ததோ வேறு வகை. பிறருடைய இழப்பைத் தம் சொத்தில் ஏன் சுமத்த வேண்டும் என்பது அவர் கேள்வி. 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவில், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்தே என்றும், ஒருவர் பொருட்டு மற்றொருவர் பொறுப்பில் வைத்திருக்கத்தக்கது என்றும் கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார். நமது மொழியில் சொன்னால், அது அமானிதம். அமானிதத்தைக் கையில் வைத்திருப்பவர், எல்லோருக்கும் நல்லது என்று தாம் கருதுவதற்காகக்கூட உரியவரின் சம்மதமின்றி அதில் கைவைக்க முடியாது.

இனி நமது மார்க்கம் காட்டும் வழிக்கு வருவோம்.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையின் கனம் எவ்வளவு என்பதை ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் முஸ்லிம்கள் கண்டார்கள். மக்காவிலிருந்து யார் தப்பி வந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உடன்படிக்கை எழுதப்படும் வேளையில், காலில் விலங்குடன் அபூஜந்தல் (ரலி) வந்து நின்றார். குறைஷியர் சார்பில் உடன்படிக்கை பேசிய சுஹைலின் சொந்த மகன் அவர். இவர் ஒருவரை மட்டும் விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சுஹைலிடம் கேட்டுப் பார்த்தார்கள். சுஹைல் மறுத்தார். கண்ணீருடன் நின்ற அபூஜந்தல் திருப்பி அனுப்பப்பட்டார். உமர் (ரலி) அவர்களால்கூட அன்று அந்த உடன்படிக்கையைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நபியவர்கள் இரக்கமின்றி விதியைப் பிடித்துக்கொள்ளவில்லை, விலக்குக் கேட்டார்கள். ஆனால் யாரிடம் கேட்டார்கள்? உடன்படிக்கையின் மறுதரப்பிடம். அவர் சம்மதித்திருந்தால் விலக்கு கிடைத்திருக்கும். சம்மதிக்காதபோது, தம் பக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோழர்கள் இருந்தும், அந்தப் பெரும்பான்மையைக் கொண்டு விதியை மாற்றவில்லை.

இதைவிட நெருக்கமான மற்றொரு நிகழ்வும் உண்டு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போருக்குப் பின், ஹவாஸின் குலத்தினர் இஸ்லாத்தை ஏற்று வந்து, சிறைப்பட்ட தம் பெண்களையும் பிள்ளைகளையும் திருப்பித் தருமாறு வேண்டினர். அதற்குள் கைதிகள் வீரர்களுக்குப் பங்கிடப்பட்டுவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் முதலில் தம் பங்கையும் தம் குடும்பத்தார் பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள். பிறகு மக்களிடம் கேட்டார்கள்: விரும்புவோர் மனமுவந்து விட்டுத்தரலாம், தம் பங்கைக் கைவிட விரும்பாதோருக்கு அடுத்துக் கிடைக்கும் வருவாயிலிருந்து ஈடு தரப்படும்.

மனமுவந்து தருகிறோம் என்று கூட்டம் ஒருமித்துக் குரல் எழுப்பியது. அத்துடன் விஷயம் முடிந்துவிட்டது என்று நபியவர்கள் கொள்ளவில்லை. உங்களில் யார் சம்மதித்தார், யார் சம்மதிக்கவில்லை என்பது நமக்குத் தெரியவில்லை. திரும்பிச் செல்லுங்கள், உங்கள் குழுத் தலைவர்கள் உங்களிடம் கேட்டு வந்து சொல்லட்டும் என்ற கருத்தில் அவர்களை அனுப்பிவைத்தார்கள். தலைவர்கள் தத்தம் மக்களிடம் பேசி, அனைவரும் சம்மதித்தார்கள் என்று வந்து சொன்ன பிறகே காரியம் நிறைவேறியது.

சகோதரர்களே! மொத்த நாணயத்தில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு மட்டுமே பங்கேற்ற வாக்கெடுப்பை அனைவரின் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் காலத்தில் நாம் வாழ்கிறோம். கூட்டத்தின் ஆரவாரத்திற்குள் ஒருவருடைய தயக்கம் அமுங்கிவிடக்கூடாது என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்குக் காட்டித்தரப்பட்டது. முதலில் தன் பங்கைக் கொடு, பிறகு பிறரிடம் கேள், தனித்தனியே கேள், மறுப்பவருக்கு ஈடு கொடு. விதி மாற்றத்திற்கு இதைவிடச் செம்மையான வழியை நாம் அறியோம்.

இந்த வெளிச்சத்தில் மண்ணரைச் சச்சரவைப் பாருங்கள். "விதியா, இரக்கமா?" என்று கேட்டுக்கொண்டதே அவர்கள் செய்த தவறு. அந்த மூவரும் நண்பனின் பங்கை அன்றைய விலைக்கு, ஏழாயிரம் ரூபாய்க்கு, தாங்களே வாங்கிக்கொண்டிருக்கலாம். குறைந்த மூவாயிரத்தை ஆளுக்கு ஆயிரமாக அன்பளிப்புச் செய்திருக்கலாம். நண்பனின் கைக்குப் பத்தாயிரமும் சேர்ந்திருக்கும். கூட்டிலிருந்து ஒரு காசும் வெளியே போயிருக்காது. பேசிய பேச்சும் மாறியிருக்காது. ஐந்தாமவரின் 750 ரூபாயும் அவரிடமே இருந்திருக்கும். இரக்கத்திற்குத் தேவைப்பட்டது விதி மாற்றமன்று, தம் சட்டைப்பையைத் திறக்கும் மனம். பிறர் பங்கையும் சேர்த்துக் கொடுக்கும்போது தாராளம் எளிது. தன் பங்கிலிருந்து மட்டும் கொடுக்கும்போதுதான் அது ஈகை.

ஐந்தாமவரிடமும் நமக்குச் சொல்ல ஒன்றுண்டு. உங்கள் உரிமை உங்களுடையது. அதை வற்புறுத்திப் பறிக்க எவருக்கும் அனுமதியில்லை. ஆனால் உரிமையின் எல்லையில் நின்றுவிடுவது நீதி. அதைக் கடந்து விட்டுக்கொடுப்பது இஹ்ஸான். "இல்லை" என்று சொன்ன அதே வாயால், "விதி அப்படியே இருக்கட்டும், என் பங்கிற்கு இந்த ஐநூறை வைத்துக்கொள்" என்று சொல்லியிருந்தால் ஐவரும் இன்று ஒரே தட்டில் உண்டுகொண்டிருப்பார்கள்.

பின்னலாடைத் தொழிலில் இருக்கும் நமக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. துணி வெட்டிய பிறகு பையர் அளவை மாற்றினால் இழப்பு யாருக்கு என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுதி வைக்கிறோம். சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்காமல் சாயத்திற்குத் துணி அனுப்புவதில்லை. கம்பெனிக் காரியத்தில் காட்டும் இந்தக் கவனத்தை நண்பர்களுக்கும் உறவினருக்கும் இடையிலான காசு விஷயத்தில் "நமக்குள் என்ன எழுத்து?" என்று கைவிட்டுவிடுகிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் விரிவாகக் கட்டளையிடுகிறது. எழுதச் சொன்னது நம்மை ஒருவர் மீது ஒருவர் சந்தேகம் கொள்ள வைப்பதற்காக அன்று. சந்தேகத்திற்கு இடமில்லாமல் செய்வதற்காக.

ஆகவே, கூட்டாகப் பணம் போடும் எவரும், அது கிரிப்டோவாக இருந்தாலும், நான்கு தையல் எந்திரம் வைத்துத் தொடங்கும் ஜாப் ஒர்க்காக இருந்தாலும், மூன்றை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இடையில் விலக வேண்டியவர் எந்த விலையில், எப்படி விலகலாம்? விதியை மாற்ற எத்தனை பேர் சம்மதம் வேண்டும்? சம்மதிக்காதவருடைய பங்கு என்னவாகும்? இம்மூன்றையும் நல்ல நாளில் பேசினால் கால் மணி நேரம் போதும். கெட்ட நாளில் பேசினால் ஆண்டுகள் போதா.

கருத்து வேறுபாடே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பனூ குறைழா குலத்தாரிடம் சென்று சேர்ந்த பிறகே அஸர் தொழ வேண்டும் என்று நபியவர்கள் பணித்தபோது, வழியிலேயே தொழுகை நேரம் வந்துவிட்டது. சொல்லின் நோக்கம் விரைவதே என்று கருதிச் சிலர் வழியில் தொழுதனர். சொன்ன சொல்லையே பற்றிக்கொண்டு சிலர் பிற்படுத்தினர். நபி (ஸல்) அவர்கள் இரு சாராரையும் கண்டிக்கவில்லை. அவர்களும் ஒருவரையொருவர் துரோகி என்று அழைத்துப் பிரிந்து போகவில்லை. ஒன்றாகவே பயணத்தைத் தொடர்ந்தனர்.

ஈதீரியத்திலும் பிட்காயினிலும் பேரேடுகள் பிரிந்தன. பேரேடு பிரிந்தால் இரண்டு நாணயங்கள் ஆகும். இரண்டிற்கும் ஒரு விலை கிடைத்துவிடும். நட்பும் உறவும் அப்படிப்பட்டவை அல்ல. அவை பிளந்தால் இரு பக்கமும் இழப்பே.

அந்த ஐவரில் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த ஜும்ஆவில் முதல் ஸலாமைச் சொல்பவர் நீங்களாக இருங்கள். யார் சொன்னது சரி என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நமது கொடுக்கல் வாங்கல்களில் நேர்மையையும், கருத்து மாறுபடும்போது கண்ணியத்தையும், பிறர் உரிமையைப் பேணும் அச்சத்தையும், தம் உரிமையை விட்டுக்கொடுக்கும் விசாலத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.